பதினொன்று பத்துக்கு விழுந்தேன்

என் கணவரின் அக்காவை, என் மதினியை, எனக்குப் பிடிக்காது. பத்து வருடமாக மனதில் வைத்திருந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அவர் செம்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு, எங்கள் வீட்டுக்கு, எந்த விசேஷத்துக்கு வந்தாலும் நான் அவர் காலில் விழுந்து எழ வேண்டும். அது அந்தக் குடும்பத்து வழக்கம். எழும்போதுதான் எனக்கு அது வரும். யாரோ மோட்டார் சுவிட்சைப் போட்டதுபோல் நெஞ்சு படபடவென்று ஓடும். கண் இருட்டும். “நெஞ்சு ஓடுது” என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிடுவேன்.

“எங்காலுல விழுக மனசு வரல. அதுக்கு இம்புட்டு நடிப்பு. ஆடத் தெரியாதவ கூடம் கோணலுன்னாளாம்” என்பார் மதினி, வந்தவர்கள் காதில் எல்லாம் விழும்படி.

கேஸ் சிலிண்டரை உருட்டக் குனிந்தபோதும் வந்திருக்கிறது, கோலம் போட்டு நிமிர்ந்தபோதும் வந்திருக்கிறது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? கணவர் கண்ணில் பட்டதெல்லாம் அக்கா காலடியில் நடந்தது மட்டும்தான். இரண்டு முறை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆட்டோ பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் நெஞ்சின் ஓட்டம் நின்றுவிடும். ஈசிஜி எடுத்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். “நார்மலாம்” என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பதில் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். கட்டம் போட்ட தாள் எனக்குப் புதிதில்லை. அந்த ஈசிஜியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் சின்னதாக ஒரு மேடு, அடுத்து ஊசிபோல் ஓர் உச்சி, பிறகு கொஞ்சம் பெரிய மேடு. மறுபடியும் அதே வரிசை. தாள் பொய் சொல்லவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு எடுத்த தாள், அவ்வளவுதான்.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் முதன்முதலாக, “என்ன செய்யும்போது வருது?” என்று கேட்டார். சொன்னேன். நெஞ்சில் வயர் ஒட்டி இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டலாம், ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்யும் என்றார். எந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று ஒரு தாளில் நானே குறிக்க வேண்டும். எங்கள் கல்யாண நாளன்று மாட்டச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அன்றைக்கு மதினி வராமல் இருக்க மாட்டார்.

வந்தார். விழுந்தேன், எழுந்தேன், ஓட ஆரம்பித்தது. “தொடங்கிட்டாடா ஒம் பொண்டாட்டி” என்றார். தாளை எடுத்து எழுதினேன்: 11.10, மதினி காலில் விழுந்தேன்.

முடிவு கேட்கப் போனபோது, என் பொய் வெளுப்பதைப் பார்க்கவென்றே மதினியும் கூட வந்தார். டாக்டரம்மா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். பதினொன்று பத்து வரைக்கும் மேடு, ஊசி, மேடு. அடுத்த துடிப்பிலேயே ஊசிகள் நெருக்கியடித்து நின்றன. முதல் மேட்டைக் காணவே காணோம். நாலு நிமிடம் கழித்து, சடாரென்று மறுபடி பழைய வரிசை.

“பயந்தாலோ பதறினாலோ துடிப்பு கொஞ்சங் கொஞ்சமா ஏறும், கொஞ்சங் கொஞ்சமா எறங்கும். இது ஒரே துடிப்புல ஏறுது, ஒரே துடிப்புல நிக்குது. இதயத்துக்குள்ள ஓடுற கரண்ட் குறுக்கு வழில சுத்துது. இத யாராலயும் நடிக்க முடியாது” என்றார் டாக்டரம்மா.

கணவர் தரையைப் பார்த்தார். மதினி, “இத அப்பவே வாயத் தொறந்து சொல்லியிருந்தா நா ஏன் விழுகச் சொல்றேன்?” என்றார். பத்து வருடம் நான் சொன்னது என்னவாம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கு ஒரு வயரை விட்டு அந்தக் குறுக்கு வழியைச் சுட்டு அடைத்தார்கள். அதன் பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. சிலிண்டரை நானே உருட்டுகிறேன்.

பொங்கலுக்கு மதினி வந்தார். கூடத்தின் நடுவில் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்.

“இப்பத்தான் எல்லாஞ் சரியாப் போச்சுல்ல. விழு தாயி.”

“நெஞ்சு சரியாப் போச்சு மதினி. விழுகத்தான் மனசு வரல” என்று சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே போனேன்.