சல்லடையில் தங்கிய மண்

மண் விஷயத்தில் எனக்குத் திமிர் உண்டு. விருத்தாசலத்தில் பொம்மை வார்க்கும் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் களிமண் கலக்குவது என் வேலை. விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தாலே, ஒரு மணல் துகள் இருந்தாலும் சொல்லிவிடுவேன். அந்த ஒரு துகள் போதும், சூளையில் பொம்மை விரிசல் விட்டுவிடும். அதனால் சலிக்காத மண்ணைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், திட்டக்குடிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி பையில் ஓர் ஆமையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். காட்டில் திரியும் நட்சத்திர ஆமை. கடலைக்கு உழும்போது கலப்பைக் கொழு பட்டு முன்னங்கால் கிழிந்திருந்தது. கால் ஆறியதும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவதாக அவளுடைய அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆமை வீட்டுக்கு ஆகாது என்று தெருவில் முணுமுணுத்தார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கொல்லையில் செங்கல் அடுக்கி, மேலே பாதிக்குத் தகரம் போட்டு அதற்கு இடம் கட்டினேன். கீழே காட்டு மண்ணைப் போடலாம் என்றாள். உழுகிற மண்ணைத் தவிர உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். நல்ல வெள்ளைக்களியாகக் கொண்டுவந்து மாவாகச் சலித்து, நாலு விரல் கனத்துக்குப் பரப்பினேன். ராஜா வீட்டு ஆமைக்குக்கூட இந்த மெத்தை கிடைக்காது என்று பீற்றிக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் ஆமையின் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. கீரையைத் தொடவில்லை. கீரை வாடியிருக்கும் என்று அதற்கும் அவளைத்தான் திட்டினேன். அவள் ஆமையைத் தூக்கி வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு, ஈரத்துணியால் கண்ணையும் மூக்கையும் துடைத்தாள். காலிலிருந்த புண்ணுக்குள்ளும் களி இறுகிப் போயிருந்தது. தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. அத்தனையும் நான் சலித்துப் போட்ட மாவு.

பிறகு மெத்தையை மொத்தமாக வாரிக் கொட்டினாள். நான் சலித்து ஒதுக்கியிருந்த குவியல் சுவரோரம் கிடந்தது: பருமணல், பொடிக்கல், வேர்த்துண்டு. அதில் செம்மண்ணும் சருகும் கலந்து தண்ணீர் தெளித்தாள். ஒரு பிடி அள்ளி இறுக்கினாள், கட்டியாக நின்றது. விரலால் தட்டினாள், உதிர்ந்தது. அந்தக் கைப்பக்குவத்தைப் பார்த்து அசந்து போனேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? கல்லையெல்லாம் ஏன் போடுகிறாய் என்று கேட்டேன்.

"அது பொறந்த காட்டுல யாருங்க சலிச்சிப் போட்டாங்க?" என்றாள். "நீங்க பொம்மைக்குப் பார்த்தீங்க. இதுக்கு உசிரு இருக்குதுங்க."

தினமும் கண்ணைக் கழுவிவிட்டாள். நாலாம் நாள் ஒரு கண் திறந்தது. அடுத்த வாரம் ஆமை பாதி உடம்பை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு, முருங்கைக் கீரையை வாசம் பிடித்து வெளியே வந்தது. அவள் சிரித்ததைப் பார்த்தபோது, இவளுக்கு நான் புருஷனாக வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அப்போது சொல்லவில்லை.

மழை பெய்து ஓய்ந்ததும் இரண்டு பேருமாக பஸ் ஏறிப் போய் அதைக் காட்டில் விட்டோம். கல்லும் முள்ளும் வேருமாகக் கிடந்த தரை, என் சல்லடையில் பாதிகூடத் தேறாது. ஆமை நாலடி நடந்து, கிழிந்திருந்த அந்தக் காலாலேயே மண்ணைத் தோண்டத் தொடங்கியது. அவள் கண் கலங்க நின்றாள். நான் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கினேன். பக்குவம் சரியாக இருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன்.