சிவந்த தங்கமும் ஒரு கட்டன் சாயாவும்

தங்கத்தை மஞ்சளாகவே காப்பாற்றுவது தட்டானின் தொழில்; அதைச் சிவப்பாக்குவது என் தொழில். தங்க உப்புக் கரைசலில் தேயிலைச் சாற்றை விட்டால், கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் பிறந்து, நீர் மாதுளைச் சாறு போலச் சிவக்கும். முன்பு இதற்குக் கடுமையான ரசாயனங்கள் வேண்டியிருந்தன. இந்தத் துகள் புற்றுநோய்க் கட்டியைத் தேடிப் போய், ஸ்கேனில் காட்டிக்கொடுத்து, ஒளி பட்டதும் சூடேறி அதைச் சுட வேண்டும் என்பது எங்கள் ஆசை. குடுவை கழுவியே கை வெளுத்த சக ஊழியர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

மருந்து

பொன் செய்ய இலை பொன்முடி மலைத் தோட்டத்திலிருந்துதான் வர வேண்டும் என்பது என் பிடிவாதம். அறிவியல் காரணம் ஏதுமில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கொழுந்து பறிக்கும் செல்வியிடம் விளக்கினேன்: கேன்சருக்கு மருந்து செய்யப் பார்க்கிறோம், பூச்சிமருந்து படாத இலை வேண்டும். தன் லயத்து வீட்டுக்குப் பின்னால் நின்ற செடியில் பறித்துப் பை நிறையக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மருந்து செய்ய மருந்தடிக்காத எலையா? நல்லாருக்கு சார் ஒங்க நியாயம்!"

கட்டி

துகள்கள் தனித்தனியே நின்றால் சிவப்பு. ஒட்டிக்கொண்டால் நீலம், ஒட்டியவை ரத்தத்தில் ஓடாது. ரத்தம் உப்புக் கரிக்கும் என்பதால், உப்புநீர் விட்டும் சிவப்பு நிற்கிறதா என்பதே பரீட்சை. அதை மதிப்பீட்டுக் குழுவின் முன் செய்துகாட்ட வேண்டும். நீலமானால் திட்டம் நிற்கும்; ஒப்பந்தத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஆய்வக உதவியாளர் ஷீபாவின் வேலையும் போகும்.

முந்தைய நாள் ஒத்திகையில் ஷீபா உப்புநீரை விட்டார். மயில்கழுத்து நீலம்! அவர் சொன்னார்: "கட்டியைக் கரைக்கப் போனது தானே கட்டியாயல்லோ, சாரே!"

கட்டன்

பிழை ஒரு சொல்லில் இருந்தது. தேயிலைச் சாற்றை 'எக்ஸ்ட்ராக்ட்' என்று நான் சொல்வதில்லை. பால் சேராத தேநீருக்கு இவ்வூர் மலையாளத்தில் 'கட்டன்' என்று அழகான சொல் இருக்கும்போது எதற்கு? "கட்டன் போட்டு, ஆறவைத்து, தங்கத்தில் விடுங்கள்" என்றுதான் சொல்லியிருந்தேன். ஷீபா வீட்டு வழக்கப்படி எலுமிச்சையும் பிழிந்திருந்தார். புளிப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது: அதில் பிறந்த துகள்கள் உப்பு பட்டதும் ஒட்டிக்கொண்டன. கேட்டதற்கு அவர் சொன்னார்: "நாரங்கா பிழியாம கட்டன் கொடுத்தா எங்க வீட்டில விருந்தாளி பிணங்கிப் போவாங்க, சாரே!"

சிவப்பு

செல்வியின் இலையில் மிச்சமிருந்ததை மறுநாள் காலை வெறும் நீரில் கொதிக்கவைத்து, புதிதாகச் செய்தோம். குழுத் தலைவரான அறுவை மருத்துவர் குடுவையை வெளிச்சத்தில் பிடித்தார். ஷீபா உப்புநீரை விட்டார். சிவப்பு. காத்திருந்து பார்த்தார்கள். அப்போதும் சிவப்பு. "அடுத்து எலிகளில் பார்க்கலாம்" என்றார் மருத்துவர். மனிதருக்குப் போய்ச்சேர இன்னும் நெடுவழி உண்டு; ஆனால் திட்டம் பிழைத்தது, ஷீபாவின் வேலையும் பிழைத்தது. "ஷீபா, ஒரு கட்டன் போடலாமா?" என்றேன். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "குடிக்கவா, தங்கத்துக்கா? தெளிவாப் பறயணும், சாரே."

கண்ணுக்குத் தெரியாத பொருளைச் செய்கிறவன் நான் என்றாலும், என் பெருமையைப் பார்க்க யாருக்கும் நுண்ணோக்கி தேவைப்படுவதில்லை.