வழி கேட்காத ரெமிஜியஸ்

"பெங்களூரும் கொடகும் எனக்கு ரெண்டு சட்டைப் பாக்கெட்டு. செத்தாலும் எவன்கிட்டயும் வழி கேக்க மாட்டேன்" என்று அல்சூர் டீக்கடையில் ரெமிஜியஸ் பிரகடனம் செய்து பதினோரு வருடமாகிறது. அன்று அதைக் கேட்டவர்களில் பாதிப் பேர் இப்போது சர்க்கரை இல்லாத டீக்கு மாறிவிட்டார்கள். பிரகடனம் மாறவில்லை.

அவர் பன்னிரண்டு சீட் வேன் ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் ஆசாமிகளைக் குடகு மலையில் இருக்கும் மடிகேரிக்கு ஏற்றிப்போய், ஞாயிற்றுக்கிழமை தலைவலியோடு இறக்கிவிடுவது தொழில். பூகோளமும் சரித்திரமும் வழியெல்லாம் இலவசம். குஷால்நகரில் காவிரியைத் தாண்டி மலையேறும் சாலை, போன வருடம் எங்கே வளைந்ததோ அங்கேதான் இந்த வருடமும் வளையும். மனிதர்களும் அப்படியே. ராஜா போனார், வெள்ளைக்காரன் வந்தான், அவனும் போனான். கொடவர்கள் விசேஷத்துக்கு இடுப்பில் கத்தி செருகுவதை மட்டும் விடவில்லை.

பெங்களூரு அப்படிப்பட்ட ஊரல்ல. அதனால் பழைய அல்சூர்காரர்கள் எல்லோரையும்போல் ரெமிஜியஸும் இங்கே இல்லாதவற்றை வைத்தே ஓட்டினார். இடித்த தியேட்டரில் இடது, மூடிய பேக்கரியில் வலது, வெட்டிப்போட்ட தூங்குமூஞ்சி மரத்தில் யூ-டர்ன்.

மகள் ஆஞ்சலாவுக்கு மடிகேரி மாப்பிள்ளை அமைந்தான். பெயர் அமல். நிச்சயதார்த்தம் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, அல்சூர் கோயிலில். மறுநாள் விபூதிப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை மோதிரமும் இல்லை, மேளமும் இல்லை. அமலோ அதற்குள் குவைத்துக்கு விமானம் ஏற வேண்டியவன். ஃபாதருக்குப் பதினொன்றரைக்கு வேறு இடத்தில் பூசை.

சம்பந்தி வீட்டாரை அழைத்துவர ரெமிஜியஸ் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டார். செவ்வாய் விடியும் முன், முன்னால் போகும் லாரியே தெரியாத பனியில், பாடிக்கொண்டே மலையிறங்கினார். பத்தரைக்கு அல்சூர் ஏரி வந்துவிட்டது. அதை வெட்டியது கெம்பேகௌடர் வம்சம் என்று அறிவித்துவிட்டுக் கோயில் தெருவுக்குத் திருப்பினார்.

தெரு இல்லை. பள்ளம் இருந்தது. அவர் ஊரில் இல்லாத இரண்டு நாளில் குழாய் போடத் தோண்டியிருந்தார்கள். அடுத்த தெருவை ஒருவழியாக்கியிருந்தார்கள். அதற்கடுத்த தெரு அவரைப் பத்திரமாக ஏரிக்கே கொண்டுவந்து விட்டது.

"இது வேற ஏரியா சம்மந்தி?" என்றார் அமலின் அம்மா லவினா.

"அதே ஏரிதாங்க. இந்தப் பக்கம் இருந்து பாத்தா வேற அழகு."

மூன்றாவது அழகையும் பார்த்தபிறகு அமல் தயங்கிக் கேட்டான். "மாமா, ஃபோன்ல மேப் போடட்டுமா?"

"மேப்பா? அது நேத்து பொறந்தது மாப்ள. நான் இங்கயே பொறந்தவன்."

நான்காவது முறை ஏரி வந்தபோது சரித்திரம் தீர்ந்துபோயிருந்தது. மணி பத்து ஐம்பது. மரங்களுக்கு மேலே கோயில் சிலுவை பளிச்சென்று தெரிந்தது; அதனடிக்குப் போகத்தான் வழியில்லை. சட்டைப் பையில் மனைவி பியாட்ரிஸின் ஆறாவது அழைப்பு நடுங்கியது.

வேனை ஓரங்கட்டினார். "சம்மந்தியம்மாவுக்குப் பூ வாங்க மறந்துட்டனே" என்று இறங்கி, ஏரிக்கரையில் நெடுநாளாகப் பூ விற்கும் முத்தம்மாவிடம் போனார்.

"நாலு மொழம் குடு." பிறகு குனிந்து, பாவசங்கீர்த்தனக் கூண்டில் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் குரலில், "கோயிலுக்கு இப்ப எப்படிப் போறது?"

முத்தம்மாவின் முழம் பாதியில் நின்றது. "எந்தக் கோயிலுக்குண்ணா?"

"எங்க கோயிலுக்குத்தான்."

"இப்ப வேனெல்லாம் அந்த சந்து வழியாத்தான் போகுது. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது" என்று அவள் வேனில் இருந்தவர்களுக்கும் தெரியும்படி கையை நீட்டினாள்.

"கைய எறக்கு முத்தம்மா" என்றார் ரெமிஜியஸ். "வாயால சொல்லு. மெதுவா."