வாசிக்காமல் போட்ட டிக்

எங்கள் திருச்சி சர்ச்சில் போதகர் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார். தினமும் பைபிளில் ஓர் அதிகாரம் வாசித்துவிட்டு குரூப்பில் டிக் போடவேண்டும். நானோ ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றுகொண்டே, வாசிக்காமலே போட்டுவிடுவேன். மாதக்கணக்கில் இதே கதைதான்.

ஒருநாள் காலை, வரிசையாக விழுந்த டிக்குகளுக்குக் கீழே ஸ்டெல்லா அக்கா எழுதியிருந்தார்: "பாப்பாவுக்கு காய்ச்சல்ங்க. மூணு நாளா நான் வாசிக்கலை. ஜெபம் பண்ணிக்கோங்க."

எனக்குச் சுருக்கென்றது. பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் என் டிக்கை அழித்தேன். சற்று நேரத்தில் இன்னொருவர் அழித்தார். பிறகு வேறொருவர். ஒவ்வொரு டிக்காக, 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று மாறிக்கொண்டே வந்தது.

கடைசியாக மாறியது, போதகருடையது.

அந்த ஞாயிறு அவர் பிரசங்கத்தை, முதல்முறையாக, போனைத் தொடாமல் கேட்டேன்.