வயிற்றில் போட்ட பட்டி

நான் ஜேர்மனியில் வயிற்றைக் கட்டிக்கொண்டு வந்தவள். சிக்கனக்காரர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அந்தக் கட்டு அல்ல. உடம்பு இறங்குவதற்காக டொக்டர்மார் என் இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுற்றி ஒரு சிலிக்கோன் பட்டியைப் போட்டு இறுக்கினார்கள். அதிலிருந்து வந்த மெல்லிய குழாய், தொப்புளுக்கு மேலே தோலுக்குக் கீழே, பொத்தான் மாதிரி ஒரு கட்டையில் முடிந்தது. தொட்டால் கைக்குத் தட்டுப்படும்.

உடம்பு இறங்கத்தான் செய்தது. பிறகு பட்டி இடம் மாறி வழுகிவிட்டது. சோறும் புட்டும் இறைச்சியும் நெஞ்சுக்குள் நின்று திரும்பி வந்தன. ரின்பால் தேத்தண்ணியும் ஐஸ்கிறீமும் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கின. பசி பொல்லாதது. இறங்குவதைக் குடித்தேன், முந்தியதை விடப் பருத்தேன். பட்டியைக் கழற்றி இரைப்பையை வேறு விதமாகத் தைக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் என் அகதி வழக்கைத் தள்ளுபடி செய்து பிளேன் ஏற்றிவிட்டார்கள். சமாதான காலம்தானே, ஊரில் ஒரு பிரச்சினையும் இல்லை என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பூநகரியில் அக்கா தனியே இருந்தாள். வந்த அன்றைக்கே களப்பு நண்டில் குழம்பு வைத்து, குத்தரிசிச் சோற்றைக் குவித்தாள். நான் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அக்கா குசினிக்குள் இருந்து அழுதாள்.

"என்ரை சமையல் உனக்கு அருவருப்பாப் போச்சோ?"

"இல்லை அக்கா, இறங்குதில்லை."

"சாப்பாடு இறங்காதவள் எப்பிடியடி இந்தச் சைசிலை இருப்பாய்?"

ஊரே அதைத்தான் கேட்டது, பஸ்ஸில் ஒன்றரை ஆளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என்னை மேலும் கீழும் பார்த்து. எனக்கு அழகு வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கு முன்னால் இருந்து ஒரு கோப்பை சோறு சாப்பிட்டு, முழங்கால் நோகாமல் எழும்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

முதலில் கிளிநொச்சியில் ஒரு சத்திரசிகிச்சை டொக்டரிடம் போனேன். சண்டையில் பட்டு வயிற்றுக்குள் கிடக்கும் செல் துண்டுகளை எடுப்பதில் கைராசிக்காரர் என்று பெயர். வெளி வாங்கில் என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் துண்டுக்காரர்தான். டொக்டர் என் பொத்தானை விரலால் அமத்திப் பார்த்துவிட்டு, "எப்ப பட்டது?" என்று கேட்டார்.

"படேல்லை டொக்டர். காசு குடுத்து வைச்சது."

சாப்பாடு குறைய வேண்டும் என்று வைத்தது என்பதையும் சொன்னேன். பக்கத்தில் நின்ற தாதி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். டொக்டர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"பட்டியைச் சுத்தி எல்லாம் ஒட்டிப்போய்க் கிடக்குமம்மா. ஒருக்காக் கீறின இடத்திலை ரெண்டாந்தரம் கை வைச்சு இரைப்பை கிழிஞ்சால் என்னாலை ஒண்டும் செய்யேலாது. நான் பழகாத வேலை."

வெளியே வந்தபோது கால் இல்லாத ஒரு பெடியன் எனக்கு என்ன வருத்தம் என்று கேட்டான். அல்சர் என்றேன்.

வவுனியாவில் ஒருவர், போட்டவர்களிடமே போகச் சொன்னார். ஜேர்மனி என்ன, அடுத்த ஒழுங்கையிலா இருக்கிறது? கொழும்பில் ஒருவர் என் எக்ஸ்ரேயைக் கையில் எடுக்காமலே, "முதல் மெலிஞ்சுகொண்டு வாங்கோ" என்றார்.

"மெலியிறதுக்குத்தானே ஐயா உங்களிட்டை வந்தனான்" என்று கத்திவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு அதோடு சரி.

இப்படியே மூன்று வருடம் போனது. கடைசியில் கொழும்பிலேயே ஒரு வயதான டொக்டர் அகப்பட்டார். படங்களை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். முதலில் பட்டியைக் கழற்றுவது, ஆறியபிறகு இரைப்பையைத் தைப்பது, இரண்டு தரம் கீற வேண்டும், உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார். "ஆனால் செய்யலாம்" என்றார். அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதேன். அடுத்த மாதத்தில் ஒரு நாளையும் குறித்துத் தந்தார். எல்லாம் ஆறி வந்தபிறகு அதே நண்டுக் குழம்பை வைப்பேன் என்று அக்கா சொன்னாள்.

அந்த மாதம்தான் திரும்பவும் சண்டை தொடங்கி, கொழும்புக்குப் போகிற பாதையைப் பூட்டினார்கள்.

திறப்பார்கள், திறப்பார்கள் என்று உடுப்புப் பையை அவிழ்க்காமல் வைத்திருந்தேன். பிறகு அந்தப் பையையே தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்தோம். அக்கா சைக்கிளை உருட்ட, நான் கரியரைப் பிடித்தபடி நடந்தேன். என் முழங்காலுக்காக அவள் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றாள். என்னை விட்டுவிட்டுப் போ என்றால் ஏசினாள். சனம் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது.

கடலோரம் போய்ச் சேர்ந்தபோது கஞ்சி மட்டும்தான் இருந்தது. கஞ்சி எனக்கு இறங்கும். பங்கருக்குள் அக்கா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "இப்ப எல்லாரும் உன்னைப் போலத்தானடி" என்றாள். பகிடிக்குச் சொல்லவில்லை. பிறகு கஞ்சியும் இல்லாத நாட்கள் வந்தன. எந்த டொக்டரும் குறைக்காத உடம்பு தானாகவே கரைந்தது. அக்காவின் சட்டை எனக்குப் பொருந்தியது. தோல் மட்டும் தொங்கியது. எத்தனை வருடம் ஏங்கிய மெலிவு! எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சண்டை முடிந்து ஆமிக்காரர் எங்களை வவுனியாவில் முகாமுக்குக் கொண்டுவந்து விட்டபிறகு, காயக்காரரைப் பார்க்க ஒரு இளம் டொக்டர் வந்தார். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தாய், விலா எலும்பு தெரிகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அக்கா எனக்குப் பின்னால் நின்றாள். டொக்டர் என் வயிற்றைத் தடவினார். பொத்தானில் அவர் விரல் நின்றது.

"செல் துண்டோ?"

அந்தத் தாய் திரும்பி என்னைப் பார்த்தாள். சாப்பாடு குறைய வேண்டும் என்று காசு கொடுத்து வைத்தது என்று அவளுக்கு முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓம்" என்றேன்.

"கரைச்சல் தருதோ?"

"இல்லை."

"அப்ப அது அப்பிடியே கிடக்கட்டும். எத்தினையோ பேர் துண்டோடை சீவிக்கினம்" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சோறு. என்னுடையதை அக்காவிடம் நீட்டினேன். ஒரு வாய் தின்னடி என்று நான் ஊருக்கு வந்த நாள்தொட்டு என்னோடு மல்லுக்கட்டியவள், அதையும் வாங்கிச் சாப்பிட்டாள்.