மை தங்காத பேனா

தூத்துக்குடியில் புதிய துறைமுகம் எழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில், வரைவாளர் பணித் தேர்வுக்கு மேற்பார்வையாளனாக நின்றபோது, தேர்வெழுத வந்த அவரைக் கண்டேன். ஒடிசலான உடல், இளநரை. வயது வரம்பின்படி அதுவே அவருடைய இறுதித் தேர்வு.

வரைகருவிப் பெட்டியை அவர் திறந்ததும் தேங்காயெண்ணெய் மணந்தது. கடற்காற்றில் துருவேறாதிருக்கும்பொருட்டு, கவராயம் முதல் கோடிழுக்கும் பேனா வரை அனைத்திலும் எண்ணெய் பூசித் துணி சுற்றி வைத்திருந்தார். பிசுக்கேறிய பேனாவில் மை தங்காமல் துளித்துளியாகத் தாளில் சிந்தியது. வேட்டியில் துடைத்துப் பார்த்தும் பயனில்லை.

"அண்ணாச்சி, தேய்க்கதுக்கு ஒரு பிடி சாம்பல் வேணும். வாசல் டீக்கடைதான், ஓடியாந்துருதேன்."

"வெளிய போனா திரும்ப உள்ள விடமாட்டாவ, தம்பி."

"அப்பம் நீங்களாவது எடுத்துத் தாங்களேன்."

விதியைச் சொல்லி மறுத்தேன்.

மணியடித்தபின், கறைபட்ட தாளைக் கொடுத்துவிட்டு, சிறு சீசாவைத் திறந்து ஒவ்வொரு கருவிக்கும் மீண்டும் எண்ணெய் தடவலானார்.

"இனி எதுக்கு தம்பி?"

"உப்புக்காத்துல்லா அண்ணாச்சி. சும்மா விட்டா துரு ஏறிரும்."

பெட்டியை மூடி, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். என்னைக் கடிந்து ஒரு சொல்லேனும் அவர் சொல்லியிருந்தால், இத்தனை ஆண்டுகள் நான் அவரைச் சுமந்திருக்கமாட்டேன்.