மூன்றாவது வாழ்த்து

மாடு நடுரோட்டில் படுத்திருக்கிறது. ஜும்பேர் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, இறங்கிப் போய், அதன் காதருகே குனிந்து ஏதோ சொல்கிறார். மாடு யோசிக்கிறது. சிற்றுந்துக்குள் பதினேழு பேர் காத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி மடியில் உயிரோடு ஒரு கோழியும் இருக்கிறது.

“ஹாரன் அடிச்சா என்னய்யா, தேஞ்சா போயிடும்?” என்கிறார் பின்சீட்டுக்காரர்.

“இப்பத்தான் கண்ணசந்திருக்கு. எந்திரிக்கும்.”

எழுந்திருக்கிறது. வண்டி குட்டாய்சி நகரத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேரும். அதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. சொன்னால் பதினைந்து நிமிடம் ஆகும்.

வண்டியில் ஹாரன் இல்லாமல் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குப் போகும்போது அதிகாரி அழுத்திப் பார்ப்பார், நன்றாகவே கத்தும். இருபத்திரண்டு வருடத்தில் அது கத்தியதெல்லாம் அந்த அதிகாரியின் விரலுக்குத்தான்.

ஜும்பேரின் தகப்பனார் செவேரியன் தேயிலைத் தொழிற்சாலையில் லாரி ஓட்டியவர். சாயங்காலம் கீழ்த்திருப்பத்தில் வரும்போதே மூன்று தடவை ஹாரன் அடிப்பார். மூன்றாவது ஒலி அடங்குவதற்குள் வாசல் கேட் திறந்திருக்க வேண்டும், மேஜையில் ரொட்டி இருக்க வேண்டும், பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டின் இரு பக்கமும் நிற்க வேண்டும். ஏதாவது ஒன்று குறைந்தால் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பெல்ட். அதை எடுத்து வந்து தகப்பன் கையில் கொடுப்பது மூத்தவள் லாமாராவின் வேலை. வாங்கிக்கொள்வது பெரும்பாலும் இளையவன் ஜும்பேரின் வேலை. தாயார் நாத்தேலா வானொலியைச் சத்தமாக வைப்பார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று. அந்த வீட்டு வானொலி சத்தமாகப் பாடினால் என்ன நடக்கிறதென்று பக்கத்து வீடுகள் நாலுக்கும் தெரியும். யாரும் வந்ததில்லை. பாட்டு நல்ல பாட்டாக இருந்தால் கூடவே பாடியவர்களும் உண்டு.

அந்தப் பக்கத்துத் தகப்பன்மார் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடும்போது ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். செவேரியன் மகனை ‘டேய்’ என்றார். பெயர் ஒன்று இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் தனக்கு உறுதியானது என்று ஜும்பேர் ஒருமுறை சொன்னார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அவர் முகம் அப்படி.

இப்போது அவருக்கு ஐம்பத்தொன்று. சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், ஞானஸ்நானம், கருமாதி எதுவானாலும் விருந்துத் தலைவராக உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்று ஒயினுக்கும் முன்னால் வாழ்த்துச் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். சளசளவென்று பேசமாட்டார், குடித்தாலும் நாக்குப் புரளாது, யாருக்குப் பின் யாருக்கு வாழ்த்து என்ற வரிசை தப்பாது. முதலில் கடவுளுக்கு, அடுத்தது சமாதானத்துக்கு, மூன்றாவது பெற்றோருக்கு. இந்த மூன்றாவது வரும்போது மட்டும் அவர் எழுந்து, “பெத்தவங்களுக்கு. இதுக்கு நம்ம ஷால்வா பேசுவான்” என்று கோப்பையைச் சிநேகிதன் ஷால்வா பக்கம் நீட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். வாழ்த்தை அப்படி இன்னொருவர் கையில் கொடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான், அது கொடுக்கப்படுபவருக்கு மரியாதையும்கூட. ஷால்வா தன் அம்மாவைப் பற்றிப் பேசி அழுவான். ஷால்வா இல்லாத விருந்தில் வேறொருவன் அழுவான். அம்மாவை நினைத்து அழ ஆள் கிடைக்காத விருந்து அந்தப் பக்கத்தில் இதுவரை நடந்ததில்லை. அதனால் இருபது வருடமாக யாரும் எதையும் கவனிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓடுகிற வண்டியில் ஒருவன் தன் மகளைக் கன்னத்தில் அறைந்தான். பெரிய அறைகூட இல்லை. ஜும்பேர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார், இறங்கினார், சாக்கடைக் கரையில் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் மாரடைப்பு என்று முடிவு செய்து, பயணிகளில் ஒருவரே வண்டியை ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இதய டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது குதிரை இதயம். உங்களுக்குப் பார்க்க வேண்டியது மூணாவது மாடியில இருக்கு.”

மூன்றாவது மாடியில் இங்கா இருந்தார். முப்பது வயதுப் பெண், பேச வைத்து வைத்தியம் பார்ப்பவர். மருந்து கிடையாது, ஊசி கிடையாது, இரண்டு நாற்காலி. முதல் ஆறு வாரம் ஜும்பேர் பிரேக்கைப் பற்றிப் பேசினார். எந்தப் பட்டை தேயும், எந்த மேட்டில் தேயும் என்று இங்காவுக்கு இப்போதும் தெரியும். ஏழாவது வாரம் பெல்ட்டைப் பற்றிச் சொன்னார், அதே குரலில்.

அன்றிலிருந்து புதன்கிழமை மத்தியானம் இரண்டு நடைகளுக்கு நடுவே இஸ்திரி போட்ட சட்டையில் அந்த மாடிக்கு ஏறுகிறார். ஊர் கண்ணை மூடிக்கொண்டா இருக்கும்? ஜும்பேரின் தாயாருக்குப் பெரியம்மா மகளான குகூலி, ஒருநாள் அவர் மனைவி ஏஸாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

“ஏண்டி, புதன்கிழமை டவுன்ல ஒருத்தி இருக்காளாமே. சின்ன வயசாமே.”

“ஆமா சித்தி, முப்பதுதான் இருக்கும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருக்க? அந்தச் சட்டைக்கு இஸ்திரி போடறது யாரு?”

“நான்தான்.”

“அடிப் பாவி!”

“கசங்கின சட்டையோட போனா எனக்குல்ல அசிங்கம்.”

மனசுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறார் என்று சொன்னால் மூத்த மகளுக்கு வரன் வராது. சின்னவீடு என்றால் யாரும் அதைக் குறையாக எடுப்பதில்லை. ஏஸா கணக்காகத்தான் வாயை மூடிக்கொண்டாள்.

குணம் மெதுவாகத்தான் வந்தது. முதல் வருடம் முடிவில் வீட்டுக் கதவைச் சத்தம் வரும்படி சாத்தப் பழகினார். அதற்கு முன் அவர் வந்தது போனது ஏஸாவுக்கே தெரியாது. இரண்டாம் வருடம் சாப்பாட்டுத் தட்டில் ரொட்டியை மிச்சம் வைத்தார். மூன்றாம் வருடம் ஒருநாள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு கிண்ணம் சூப் முழுவதும் குடித்தார். ஏஸா அதை நாட்காட்டியில் குறித்து வைத்தாள். வந்தவர்கள் பார்த்துவிட்டு, சூப்புக்கெல்லாமா நாள் குறிப்பது என்று கேட்டார்கள்.

போன அக்டோபரில் செவேரியனுக்கு எண்பது முடிந்தது.

செவேரியன் இப்போது சுருங்கிப்போய், ஒரு காது மந்தமாகி, தெருப் பிள்ளைகளுக்குச் சட்டைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுக்கிற தாத்தா. ஊருக்கே அவரைப் பிடிக்கும். பழைய பேச்சு எழுந்தால், “நான் யாரையும் அடிச்சதில்ல. திருத்தினேன்” என்பார். அவரை வைத்துப் பார்த்துக்கொள்வது லாமாரா. விருந்தும் அவள் வீட்டில்தான். விருந்துத் தலைவர் யார் என்று எவரும் கேட்கவில்லை. பெற்ற மகன் இருக்க, அதுவும் அப்படிப்பட்ட மகன் இருக்க, வேறு யாரைக் கேட்பது? மூன்றாவது வாழ்த்தை அன்றைக்கு ஷால்வாவிடமும் தள்ளிவிட முடியாது. எதிரில் இருப்பது ஷால்வாவின் அப்பா இல்லையே.

லாமாரா போன் செய்தாள்.

“ஒரு கிளாஸ்தானேடா. நாலு நல்ல வார்த்தை சொல்லு, குடி, முடிஞ்சுது. இன்னும் எத்தனை பிறந்தநாளக் காணப்போறாரு?”

“என்ன சொல்லணும்?”

“எல்லாரும் சொல்றதத்தான். அன்பான அப்பான்னு.”

“அக்கா, அந்த பெல்ட்ட நீ எடுத்துட்டு வந்தப்போ உன்ன நான் ஏதாவது சொன்னேனா?”

“நான் எடுத்துட்டு வரலன்னா எனக்குடா விழும்.”

“தெரியும். அதான் சொல்லல. நீயும் என்னைச் சொல்லச் சொல்லாத.”



“பன்னிக்குட்டி ரெண்டு வெட்டறோம். நேரத்தோட வந்துடு” என்று லாமாரா வைத்துவிட்டாள்.

அந்தப் புதன்கிழமை இங்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அப்படிச் சொல்லிக் குடிக்கலன்னா என்ன ஆகும்?” ஜும்பேர் யோசித்தார். மணி ஆகிவிட்டது, எழுந்து போய் வண்டியை எடுத்தார். அடுத்த புதன்கிழமை வந்து உட்கார்ந்ததும் பதில் சொன்னார்: “மேஜை அங்கேயே இருக்கும். மத்தது தெரியல.”

ஞாயிற்றுக்கிழமை திராட்சைப் பந்தலின் கீழ் நாற்பது பேர். வால்நட் அரைத்து ஊற்றிய கோழி, மக்காச்சோள ரொட்டி, பன்றிக்குட்டி வாயில் முள்ளங்கி. ஜும்பேர் மேஜையின் தலைப்பக்கம் இருந்தார். வலப்பக்கம் செவேரியன், ஷால்வா இரவல் கொடுத்த கோட்டில். கடவுளுக்கு ஆயிற்று. சமாதானத்துக்கு ஆயிற்று. மூன்றாவதுக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். குகூலி கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள். லாமாரா சமையலறை வாசலில் தட்டோடு நின்றாள், உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல்.

ஜும்பேர் எழுந்தார்.

“எங்கம்மா நாத்தேலாவுக்கு. அவங்க பயந்தவங்க. பயத்துக்கு நடுவுலயும் எங்களுக்கு ராத்திரியில ரொட்டி ஒளிச்சு வச்சுக் கொடுத்தவங்க.” கொஞ்சம் ஒயினை ரொட்டித் துண்டின் மேல் ஊற்றினார், செத்தவர்களுக்குச் செய்கிறபடி. மீதியைக் குடித்தார்.

கிளாஸ் காலியானது. மறுபடி நிரப்பவில்லை.

“செவேரியனுக்கு எண்பது. இந்தத் தோட்டத்துல ஏழு வால்நட் மரம் அவர் நட்டது, ஏழும் காய்க்குது. கொட்டற பனியில லாரி இஞ்சினத் தனியாளாக் கழட்டி மாட்டினவர். இது ரெண்டும் நான் கண்ணால பாத்தது. நல்ல தூக்கம் வரட்டும், கால்வலி இல்லாம இருக்கட்டும்.”

நாற்பது பேரும் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். மிச்சம் வரவில்லை. ஜும்பேர் உட்கார்ந்தார். குகூலி கைக்குட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள்.

“அப்புறம்?” என்றார் செவேரியன், நல்ல காதை முன்னால் நீட்டி. “மரத்துக்குச் சொன்ன. இஞ்சினுக்குச் சொன்ன. அப்பனுக்கு?”

“எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்.”

“டேய். எந்திரிச்சு ஒழுங்காச் சொல்லு.”

ஷால்வா, “நான் வேணா…” என்று ஆரம்பித்தான். அவன் மனைவி அவன் காலை மிதித்தாள். ஏஸா கணவனைப் பார்க்கவில்லை, எதிரில் இருந்த பன்றிக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜும்பேர் எழுந்திருக்கவில்லை.

“மரியாதை தெரியாத பய” என்று சொல்லி, கிழவர் இரண்டு கையாலும் ஜாடியைத் தூக்கினார். “நானே ஊத்தறேன். எல்லார் முன்னாலயும் குடி.”

ஜும்பேர் வலது உள்ளங்கையைக் கிளாஸின் வாயில் கவிழ்த்து வைத்தார். கிழவர் நிறுத்தவில்லை, ஊற்றினார். கருஞ்சிவப்பு ஒயின் மகனின் புறங்கையில் விழுந்து, விரல்களுக்கு நடுவே இறங்கி, லாமாரா கஞ்சி போட்டு விரித்த வெள்ளை விரிப்பில் படர்ந்தது. ஜாடி பாதி காலியாகும் வரைக்கும் படர்ந்தது. “அப்பா, போதும்!” என்று சமையலறை வாசலிலிருந்து லாமாரா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

ஜும்பேர் கையை எடுக்கவில்லை. இடது கையால் உப்புக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து, ஒரு பிடி அள்ளி, கறையை உறிஞ்சட்டும் என்று அதன் மேல் தூவ ஆரம்பித்தார், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, அவசரமில்லாமல்.